பொலிகிடாவைத் தராசு கொண்டு தெரிந்தெடுத்தல்: காவிரிப் படுகையில் புதிதாக வெள்ளாடு வளர்ப்போருக்கு

காவிரிப் படுகையின் ஊர்களில் ஆடி பிறந்தால் கோயில் கிடாவெட்டுக்கும், ஐப்பசியில் தீபாவளிக்கும், எந்த மாதத்தில் வந்தாலும் பக்ரீத்துக்கும் ஆட்டு வியாபாரிகள் வீடு தேடி வருகிறார்கள். வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர்கள் கண் போவது பட்டியிலேயே பெரிய கிடாக்குட்டியின் மேல்தான். முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, இடுப்புச் சதையைக் கையில் பிடித்து, “அக்கா, அந்தப் பெருசைப் பிடிங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்று விலையைச் சொல்லிவிடுவார்கள். பணம் உடனே கைக்கு வருவதால் அந்தக் கிடாவும் உடனே வண்டி ஏறிவிடுகிறது. விலைபோகாமல் தங்கிவிட்ட மெலிந்த கிடாவோ ஆவணியில் பெட்டைகளோடு சேர்ந்து, பொலிகிடாவாகி, அடுத்த ஆண்டுக் குட்டிகளுக்கெல்லாம் தகப்பனாகிவிடுகிறது. ஆண்டுதோறும் இப்படியே நடக்கும் பட்டியில், வேகமாக வளரும் தன்மை கசாப்புக்கடைக்கும் மெதுவாக வளரும் தன்மை அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கின்றன. எவரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனாலும் இதுவும் ஒரு தெரிவுதான், தலைகீழாக நடக்கும் தெரிவு.

அதை நிமிர்த்தி வைப்பதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஒரு தொங்கு தராசு, ஒரு கனத்த அட்டை போட்ட நோட்டு, ஒவ்வோர் ஆட்டுக்கும் ஓர் எண், இவற்றோடு எடை பார்த்துக் கணக்கு முடியும் வரையில் எந்தக் கிடாவையும் விற்பதில்லை என்ற உறுதி ஆகியவை இருந்தால் போதும். இருபது முப்பது பெட்டைகளை வைத்துப் புதிதாகத் தொடங்குவோரை மனத்தில் கொண்டு, இந்தப் பகுதியின் பருவத்தை ஒட்டி, செய்ய வேண்டியவற்றை அவை வரும் வரிசையிலேயே கீழே விளக்கியிருக்கிறேன்.

குறிப்பு வைத்துத் தெரிந்தெடுக்கும் இந்த முறை இறைச்சிக் கால்நடை உலகில் பழையது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பண்ணை நடத்திய ராபர்ட் பேக்வெல், தன் செம்மறிக் கிடாக்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டு, மற்றவர் மந்தைகளில் பிறந்த குட்டிகளைப் பார்த்தபின் எந்தக் கிடாவைத் திரும்பத் தன் மந்தையில் சேர்ப்பது என்று முடிவு செய்தார். அமெரிக்காவில் இறைச்சி மாடு வளர்ப்போர், கன்றுகள் பால் மறக்கும்போது எடுக்கும் எடையை 205 நாள் வயதுக்குச் சமன்படுத்தி ஒப்பிடுகிறார்கள். அங்கே இத்தகைய முறைகளை ஒரே சீராக்குவதற்கென்று 1968இல் ஒரு கூட்டமைப்பே ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவின் போயர் ஆட்டுக்கு 1959இல் வளர்ப்போர் சங்கம் உருவாகி, 1970இல் அந்த ஆடு தேசிய எடைச் சோதனைத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் மதுரா அருகே மக்தூமில் 1979 முதல் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. போயர் கிடாவை ஏலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்குவோர் உண்மையில் விலை கொடுப்பது இத்தனை ஆண்டு எடைக் குறிப்புகளுக்குத்தான். குறிப்பே இல்லாமல் “போயர் கலப்பு” என்ற பெயரை மட்டும் தாங்கி வரும் கிடாவுக்கு அந்த விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

எதை முன்னேற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்தல்

புதியவர்களுக்குக் கிடாவின் நிறம், காதின் நீளம், கொம்பின் வளைவு, உயரம், எடை, இரட்டைக் குட்டி, பால் என எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துவிட ஆசை இருக்கும். எத்தனை குணங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறோமோ அத்தனை மெதுவாகத்தான் ஒவ்வொன்றும் நகரும். எல்லாவற்றிலும் நல்லதாக ஒரு கிடா கிடைப்பது அரிது. ஆகவே கிடாவுக்கு ஆறு மாத உயிர் எடை, பெட்டைக்கு ஓர் ஆண்டில் பால் மறக்கும் வரை வளர்த்துக் கொடுத்த குட்டிகளின் மொத்த எடை, இரண்டுக்கும் பொதுவாக மழைக்காலத்தைத் தாங்கும் உடல்வாகு ஆகிய மூன்றோடு நின்றுகொள்வது நல்லது. நிறத்துக்காக எடையை விட்டுக்கொடுக்க வேண்டாம். நேர்ச்சைக்குக் கறுப்புக் கிடா கேட்கும் ஊர்களில் மட்டும் நிறத்துக்கும் தனி விலை உண்டு. அங்கே விற்பவர் அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

எந்த இனம் என்ற கேள்வியும் உடனே வரும். கன்னியும் கொடியும் தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளின் காய்ந்த நிலத்துக்குப் பழகியவை. சேலம் கருப்பு மேற்கு மாவட்டங்களுக்கு உரியது. தலைச்சேரி மலபார்க் கரையிலிருந்து வந்து, இரட்டைக் குட்டிகளுக்குப் பெயர் பெற்றது. படுகையில் பெரும்பாலான வீடுகளில் இருப்பவை இனம் சொல்ல முடியாத நாட்டு ஆடுகளும், தலைச்சேரிக் கலப்புகளும்தான். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் நின்று தழை கடித்துப் பிழைத்துவரும் இந்த ஆடுகளையே அடித்தளமாகக் கொள்வதில் குறைவு எதுவும் இல்லை. சேற்றுழவுக்கு ஏற்ற சிறிய உறுதியான உடலும் கால்களும் கொண்ட உம்பளச்சேரி மாடு இந்தப் படுகைக்குள்ளேயே தெரிந்தெடுத்து உருவாக்கப்பட்ட இனம்தான்.

எண்ணும் நோட்டும்

எண் இல்லாத ஆட்டுக்குக் குறிப்பும் இல்லை. ஆட்டின் பெயரும் அடையாளமும் வீட்டில் ஒருவருக்குத்தான் நினைவிருக்கும். அவர் ஒரு வாரம் வெளியூர் போனால் மூன்று குட்டிகளுக்குத் தாய் யார் என்பது தெரியாமல் போய்விடும். பிறந்த அன்றே குட்டியின் கழுத்தில் எண் எழுதிய பிளாஸ்டிக் அட்டையைத் தளர்ந்த கயிற்றில் கட்டிவிட்டு, ஒரு மாதம் கடந்தபின் காதுவில்லை போடலாம். மழைக்காலத்தில் வில்லை போட்ட புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் என்பதால், வெயில் காலத்தில் போட்டு, ஆறும் வரை வேப்பெண்ணெய் தடவி வர வேண்டும். கால்நடை மருந்தகத்தில் 12 இலக்க அரசு வில்லை போட்டிருந்தால் அதன் கடைசி நான்கு இலக்கங்களையே பட்டியின் எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

நோட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி ஒதுக்கி, குட்டியின் எண், தாயின் எண், தகப்பன் கிடாவின் எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு அது எத்தனையாவது ஈற்று, பிறப்பு எடை, மூன்றாம் மாத எடை, ஆறாம் மாத எடை, கண்ட நோய், கொடுத்த மருந்து, விற்ற அல்லது இறந்த தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். இறந்த குட்டியின் வரியை அடித்துவிடக் கூடாது. ஒரு பெட்டைக்கு மூன்று ஈற்றிலும் ஒவ்வொரு குட்டி இறந்திருக்கிறது என்பதை, உயிரோடு இருக்கும் குட்டிகளைப் பார்த்து அறிய முடியாது; அந்த வரிகள்தான் சொல்லும்.

தகப்பன் எண் என்ற கட்டம்தான் பெரும்பாலான நோட்டுகளில் காலியாக இருக்கும். கிடாக்குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே பெட்டைகளைச் சினைப்படுத்தக்கூடியவை. ஆதலால் மூன்று மாதம் முடிந்ததும் கிடாக்குட்டிகளைத் தனி அடைப்பில் விட வேண்டும். இறைச்சிக்கு என்று முடிவாகிவிட்டவற்றை இரண்டு மூன்று மாத வயதில் மருந்தகத்தில் காட்டி விரையடித்துவிடலாம். தெருவில் மேயும் ஆடுகளுக்குத் தகப்பன் யாரென்று எவரும் சொல்ல முடியாது. எனவே சினைப்பருவத்துக்கு வரும் பெட்டைகளை ஓரிரு மாதமாவது கொட்டகையில் கட்டி, தெரிந்தெடுத்த கிடாவோடு மட்டும் விட்டுத் தேதியைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

குட்டிகள் பிறக்கும் மாதத்தை நாமே வகுத்தல்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை படுகையை நனைக்கிறது. அப்போது பிறக்கும் குட்டிகள் ஈரத்தரையில் படுத்துச் சளிக்காய்ச்சல் கண்டு இறப்பதும், பிழைத்தவை தேறாமல் நிற்பதும் இங்கே அனைவரும் அறிந்தவை. ஆகஸ்டு நடுவில், அதாவது ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி முழுவதும் இணைசேர்த்தால், குட்டிகள் மார்கழிக் கடைசியிலும் தையிலும் பிறக்கும். பனி இருந்தாலும் மழை விட்டிருக்கும்.

ஒரே காலத்தில் பிறக்கவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றோடொன்று ஒப்பிட்டு நல்லதைத் தெரிய வேண்டுமானால், குட்டிகள் ஒரே வெயிலையும் ஒரே மேய்ச்சலையும் கண்டிருக்க வேண்டும். ஐப்பசியில் பிறந்த குட்டியையும் தையில் பிறந்த குட்டியையும் ஒப்பிட்டால், நாம் அளப்பது மழையைத்தான், குட்டியை அல்ல.

மேய்ச்சலையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது இங்குள்ள வழக்கம் என்பதால், அறுவடை முடிந்தும் வயல் ஆட்டுக்குத் திறப்பதில்லை. உள்ளே விட்டால் பக்கத்து வயல்காரரோடு சண்டைதான் மிஞ்சும். உளுந்து பிடுங்கிய பின், பங்குனி சித்திரையிலிருந்து, மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறந்து குறுவை வேலை தொடங்கும் வரைதான் தாராளமான மேய்ச்சல் கிடைக்கும். தையில் பிறந்த குட்டிகள் பால் மறக்கும் சித்திரை மாதம் இந்த இடைவெளியில் சரியாகப் பொருந்துகிறது. அதற்கு முந்தைய மூன்று மாதமும் தாய்களுக்கு அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல், வேலிமசால் போன்ற தழைகளோடு, உளுந்துப் பொட்டும் கொஞ்சம் தவிடும் கொட்டகையிலேயே கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு இடம் ஒதுக்காமல் எடைச் சோதனையைத் தொடங்கினால், பட்டினி கிடந்த குட்டிகளை எடைபோட்டுக் கொண்டிருப்போம்.

எடை எடுக்கும் முறை

ஐம்பது கிலோ வரை காட்டும் மின்னணுத் தொங்கு தராசு கிராமத்துப் பட்டிக்குப் போதுமானது. உத்தரத்தில் கயிறு போட்டுத் தராசைத் தொங்கவிட்டு, நான்கு கால்களுக்கு நான்கு துளை வெட்டிய சாக்கில் குட்டியை இறக்கி மாட்டினால் அது துள்ளாது. சாக்கின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். எடை நாளன்று காலையில், முன்பே எடை குறித்துவைத்த ஒரு கேனில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தராசில் மாட்டிப் பாருங்கள். கேனைக் கழித்து 10 கிலோ காட்டாவிட்டால் அன்றைய எடைகள் எதையும் நம்ப வேண்டாம்.

பிறப்பு எடையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள், உடல் காய்ந்த பின் எடுக்க வேண்டும். மற்ற எடைகளை விடியற்காலையில், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் விடும் முன் எடுக்க வேண்டும். வயிறு நிறைந்த ஆட்டுக்கும் வெறும்வயிற்று ஆட்டுக்கும் இடையே வரும் வேறுபாடு, நல்ல கிடாவுக்கும் சுமாரான கிடாவுக்கும் உள்ள வேறுபாட்டையே மறைத்துவிடக்கூடும். பட்டியின் எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் எடைபோட்டுவிட வேண்டும். நன்றாக வளர்ந்தவற்றை மட்டும் ஆசையோடு எடைபோட்டுப் பார்ப்பது பொழுதுபோக்காகுமே தவிரச் சோதனையாகாது.

எல்லாக் குட்டிகளும் ஒரே நாளில் 90 நாளை எட்டுவதில்லை. அதனால் எடுத்த எடையை 90 நாளுக்குச் சமன்படுத்த வேண்டும். இதற்கு அன்றைய எடையிலிருந்து பிறப்பு எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 90ஆல் பெருக்கி, மறுபடி பிறப்பு எடையைக் கூட்டினால் போதும். 2.0 கிலோவாகப் பிறந்த ஒரு குட்டி 98ஆம் நாளில் 10.4 கிலோ நின்றால், கூடியது 8.4 கிலோ, ஒரு நாளுக்கு ஏறத்தாழ 86 கிராம், 90 நாளுக்குச் சமன்படுத்திய எடை 9.7 கிலோ. ஆறு மாதத்துக்கும் இதே கணக்கை 180 நாள் வைத்துச் செய்யலாம்.

ஒற்றையையும் இரட்டையையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியில் பெரிதாகத் தெரியும் கிடாக்குட்டி பெரும்பாலும் ஒற்றையாகப் பிறந்து, இரண்டு காம்பின் பாலையும் தனியே குடித்து, மூன்றாவது அல்லது நான்காவது ஈற்றுத் தாயிடம் வளர்ந்து, மற்றவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே பிறந்த குட்டியாக இருக்கும். இவற்றில் எதையும் அது தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. கண்மதிப்பில் தெரிந்தெடுப்பவர்கள் ஒற்றைக் குட்டிகளையே பொலிகிடாவாக வைத்துக்கொண்டு, சில தலைமுறைகளில் பட்டியின் இரட்டை ஈற்றையும் மெல்லக் குறைத்துக்கொள்ள நேரலாம்.

எனவே ஒரே பருவத்தில் பிறந்து ஒரே தீவனத்தில் வளர்ந்த குட்டிகளை ஒற்றைக் கிடா, இரட்டைக் கிடா, ஒற்றைப் பெட்டை, இரட்டைப் பெட்டை என்று ஒப்பீட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சராசரி எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குட்டியின் எடையையும் தன் குழுவின் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் அதன் ஒப்பு எண் கிடைக்கும். ஒற்றைக் கிடாக்களின் சராசரி 11.0 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அதில் 11.6 கிலோ நிற்கும் குட்டியின் ஒப்பு எண் 105. இரட்டைக் கிடாக்களின் சராசரி 9.0 கிலோவாக இருக்கும்போது 10.2 கிலோ நிற்கும் குட்டியின் ஒப்பு எண் 113. தராசில் 1.4 கிலோ குறைவாக நின்ற அந்த இரண்டாவது குட்டிதான் நாம் வைத்துக்கொள்ள வேண்டியது. வியாபாரி கேட்கும் முதல் குட்டியை விற்பதில் இப்போது வருத்தம் எதுவும் இருக்காது.

முதல் ஈற்றுத் தாய்களின் குட்டிகள் சற்றுச் சிறியவையாக இருக்கும். எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் அவற்றையும் தனிக் குழுவாக்கலாம். இல்லாவிட்டால் ஒப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, சமமாக வரும் இரண்டு குட்டிகளுக்கிடையே முடிவெடுக்கும்போது அதைப் பார்த்தால் போதும். ஒரு குழுவில் மூன்று நான்கு குட்டிகளே இருந்தால் அந்தச் சராசரி நிலையற்றது. பக்கத்துப் பட்டிகளில் ஒரே கிடாவைப் பயன்படுத்தும் இரண்டு மூன்று பேர் ஒரே வாரத்தில் எடை எடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் பட்டிக்குள் ஒப்பு எண்ணைக் கணக்கிட்டு, பிறகு எண்களை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். எடைகளை நேரடியாகச் சேர்க்கக் கூடாது. அடுத்த வீட்டில் கடலைப் புண்ணாக்கு போட்டிருப்பார்கள்.

எவ்வளவு முன்னேறும்?

உடல் எடையில் காணும் வேறுபாட்டில் ஒரு பகுதிதான் மரபு வழியில் வருகிறது. மீதி பாலும் தீவனமும் நோயும் தந்தது. வளர்ச்சி எடைகளில் இந்த மரபுவழிப் பங்கு பொதுவாக 0.2 முதல் 0.4 வரை இருப்பதாகவும், ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையில் 0.1 அளவிலேயே நிற்பதாகவும் கொள்ளலாம். பட்டியின் ஆறு மாதச் சராசரி 13 கிலோவாக இருக்க, எல்லாத் திருத்தமும் செய்தபின் 16 கிலோ நிற்கும் கிடாவைத் தெரிந்தெடுத்தோம் என்றால், அதன் உயர்வு 3 கிலோ. பெட்டைகளில் தெரிவு செய்யவில்லை என்பதால் தாய் தகப்பன் இருவரின் சராசரி உயர்வு 1.5 கிலோ. மரபுவழிப் பங்கை 0.3 என்று வைத்தால், குட்டிகளில் எதிர்பார்க்கத் தக்கது 450 கிராம்.

இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தீவனத்தால் வந்த உயர்வு தீவனத்தை நிறுத்தினால் போய்விடும். இந்த 450 கிராம் அந்தக் கிடாவின் எல்லாக் குட்டிகளிலும் சராசரியாக நின்று, அடுத்த கிடாவின் உயர்வு அதன் மேல் ஏறும். ஆண்டுக்கு 30 குட்டிகள் பிறக்கும் பட்டியில் அது 13 கிலோவுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு ஆட்டின் எடை. ஒரே தலைமுறையில் இரட்டிப்பு எடை என்று விளம்பரம் செய்பவரிடம் தகப்பன், தாய் எடைக் குறிப்பைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். வளர்ச்சி எடையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தால் பிறப்பு எடையும் கூடவே ஏறும் என்பதும், அதனால் ஈனும்போது சிக்கல்கள் பெருகும் என்பதும் இறைச்சி மாட்டினங்களில் நன்றாகத் தெரிந்த அனுபவம். சிறிய நாட்டுப் பெட்டைகளோடு பெரிய இனக் கிடாவைச் சேர்க்கும்போது இதே ஆபத்து நம் கொட்டகைக்கும் வரும். பிறப்பு எடை மிக உயர்ந்து, அதன்பின் வளர்ச்சி சாதாரணமாக இருக்கும் கிடாவைவிட, நடுத்தரப் பிறப்பு எடையோடு தொடங்கி வேகமாக ஏறிய கிடாவே மேல்.

பொலிகிடாவின் கடைசித் தேர்வு

மூன்று மாத ஒப்பு எண்ணை வைத்து, மேலே நிற்கும் மூன்றில் ஒரு பங்குக் கிடாக்குட்டிகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விரையடித்து இறைச்சிக்கு வளர்க்கலாம். மூன்று மாத எடையில் தாயின் பால் பெரும்பங்கு வகிக்கிறது. ஆறு மாத எடைதான் குட்டியின் சொந்த வளர்ச்சியைக் காட்டும். தைக் குட்டிகளுக்கு இந்த ஆறாம் மாதம் ஆனி முடிந்து ஆடி பிறக்கும் சமயத்தில் வருகிறது, அதாவது கிடாவெட்டுக்கு ஆடு தேடி வியாபாரி வரும் அதே வாரங்களில். ஆகவே எடை நாளை ஆனிக் கடைசிக்குள் முடித்துவிட்டு, நிறுத்த வேண்டிய இரண்டு மூன்று கிடாக்களைப் பின்கட்டில் கட்டிவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் ஆட்டுக்குத்தான் விலை பேசுவார்கள்.

எண்ணில் தேறியவற்றைப் பிறகு கையால் சோதிக்க வேண்டும். இரண்டு விரைகளும் இறங்கி, ஒரே அளவில், உறுதியாக இருக்க வேண்டும். ஒரே விரை உள்ளதை எடை எவ்வளவு இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். கீழ்ப்பற்கள் மேல் ஈறில் சரியாகப் பதிய வேண்டும். களிமண் தரையில் நடக்கவிட்டு, பின்னங்கால் வளைவையும், குளம்பு விரிந்துபோகாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் இந்த மண்ணில் குளம்பு அழுகல் அடிக்கடி வருவதால், குளம்பு கெட்ட கிடா பெட்டையின் மேல் தாவாமல் நின்றுவிடும். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழுவோ, வயலோரத் தண்ணீரில் நத்தை வழி வரும் தட்டைப்புழுவோ இரத்தத்தைக் குறைத்திருக்கிறது. ஒரே மேய்ச்சலில் இருந்தும் குறைந்த தடவையே புழுமருந்து தேவைப்பட்ட ஆடுகள் எவை என்பதை நோட்டு சொல்லும். சமமான இரண்டு கிடாக்களில் அத்தகைய தாயின் மகனையே நான் வைத்துக்கொள்வேன்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவது எல்லாப் பட்டிக்கும் பொது. நோயில் விழுந்து எழுந்த குட்டியின் எடையை வைத்து மரபைப் பற்றி முடிவு செய்ய முடியாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தவர்களுக்கு வசதி.

பெட்டைகளைக் கழித்தல்

இருபது கிடாக்குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும், ஆனால் பெட்டைகளில் பாதியையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், பெட்டை வழியில் வேகமான முன்னேற்றம் கிடைக்காது. அங்கே செய்ய வேண்டியது கழித்தல். ஒற்றைக் குட்டியை 12 கிலோவுக்கு வளர்த்த தாயைவிட, இரட்டையை 9 கிலோவும் 8.5 கிலோவுமாக வளர்த்துப் பட்டிக்கு 17.5 கிலோ கொடுத்த தாய் மேல். ஆனால் இரண்டு போட்டு ஒன்றைப் பட்டினியில் இழக்கும் தாய்க்கு அந்த மதிப்பு இல்லை. குட்டி எண்ணிக்கையில் மரபுப் பங்கு குறைவு என்பதால் ஓர் ஈற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று ஈற்றுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று என்பது நல்ல பராமரிப்பில் எட்டக்கூடிய இலக்கு. தையில் குட்டி பிறக்கும்படி ஆவணியில் ஒரே முறை இணைசேர்ப்பவர் ஆண்டுக்கு ஒன்றோடு நிறைவடைய வேண்டியிருக்கும். எப்படியானாலும் ஓர் ஆண்டு முழுவதும் சினை பிடிக்காதது, மடியில் கட்டி வந்து ஒரு காம்பு வற்றியது, தொடர்ந்து இரண்டு ஈற்றில் குட்டியை ஒதுக்கித் தள்ளியது ஆகியவற்றை அழகு பார்க்காமல் விற்றுவிட வேண்டும்.

நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்த்தலும் கிடாவை மாற்றுதலும்

ஒரு கிடாவுக்கு 20 முதல் 25 பெட்டைகள் வரை விடலாம். ஒரு வயது நிரம்பாத இளங்கிடாவுக்கு அதில் பாதியே மிகுதி. அதன் மகள்கள் ஏழெட்டு மாதத்தில் சினைப்பருவத்துக்கு வந்துவிடும் என்பதால், இரண்டாம் ஆண்டு இணைசேர்ப்புக் காலத்தில் மகள்களைத் தனியே பிரிக்க வேண்டும், அல்லது கிடாவை மாற்ற வேண்டும். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியின் உட்கலப்பு (நெருங்கிய உறவுக் கலப்பு) அளவு 25 விழுக்காடு. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 விழுக்காடு. எடையில் பெற்ற உயர்வை, குட்டி இறப்பும் சினைபிடிக்காமையும் தின்றுவிடும் வழி இது.

இதற்குச் சிறு பட்டிக்காரர்களுக்கு ஏற்ற ஏற்பாடு சுற்றுமாற்று. மூன்று நான்கு பட்டிகள் ஒன்றுசேர்ந்து, முதல் பட்டியில் தெரிந்தெடுத்த கிடா இரண்டாவதற்கும், இரண்டாவதன் கிடா மூன்றாவதற்கும், கடைசியின் கிடா முதலாவதற்கும் என்று, ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் ஒரே திசையில் போக வேண்டும். யார் வீட்டுக் கிடா யாரிடம் போனது என்பதை எல்லா நோட்டுகளிலும் எழுத வேண்டும். கிடா நோயுற்றாலோ இறந்தாலோ செலவு யாருடையது என்பதையும் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. வெளியிலிருந்து கிடா வாங்குவதாக இருந்தால், வாங்கி வந்தவுடன் பட்டிக்குள் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டி, புழுமருந்தும் தடுப்பூசியும் முடித்தபின் சேர்க்க வேண்டும்.

சுற்றில் வரும் கிடாவைச் சோதிக்கவும் இந்த ஏற்பாடே உதவும். வந்த கிடாவையும் பட்டியின் பழைய கிடாவையும் ஒரே ஆவணியில் வைத்துக்கொண்டு, பெட்டைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒன்று, மறுபாதிக்கு மற்றொன்று என்று இணைசேர்க்க வேண்டும். நல்ல பெட்டைகளையெல்லாம் புதுக்கிடாவுக்கே ஒதுக்கினால் ஒப்பீடு கெட்டுவிடும். அடுத்த ஆனியில் இரு கிடாக்களின் குட்டிகளுக்கும் ஒப்பு எண்ணைக் கணக்கிட்டு, கிடாவாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துக் குட்டிகளாவது இருந்து, ஒரு பக்கம் தெளிவாக உயர்ந்து நின்றால், அந்தத் தகப்பனை இன்னொரு பருவம் அடுத்த பட்டிக்கு அனுப்பலாம். மற்றதற்கு ஆடியில் வியாபாரி சொல்லும் விலையை வாங்கிக்கொள்ளலாம். இரு சராசரிகளும் அருகருகே வந்தால், இரட்டை ஈற்றுத் தாயின் மகனாகப் பிறந்த கிடாவை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக் குட்டிகளையும் எடைபோட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.